முழங்கால் போன பிறகு கட்டிய கராஜ்

தம்பிமாரே, நீங்கள் காருக்குக் கீழே போகும் அழகை நான் வீதியோரத்தில் நின்று பார்ப்பதுண்டு. ஒரு சாக்கை விரிப்பீர்கள், ஸ்பனரைப் பல்லில் கடிப்பீர்கள், அடுத்த கணம் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரியும். தேத்தண்ணி வந்துவிட்டது என்று யாராவது கூப்பிட்டால் போனதைவிட வேகமாக வெளியே வருவீர்கள். உங்கள் முழங்கால்கள் ஆயுள் முழுக்க இப்படியே இருப்பதாக உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கின்றன போலும். என்னுடையவையும் கொடுத்திருந்தன.

பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது என் கை சரியாக இருந்தது, காது சரியாக இருந்தது. என்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டு எந்த வால்வு கதைக்கிறது என்று சொல்ல முடிந்தது. கீழே போகவும் முடிந்தது. மேலே வருவதுதான் கஷ்டம். ஒரு நாள் ஒரு மொரிஸ் மைனருக்குக் கீழே படுத்துக் கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

"என்ன, அங்கயே இரிக்கப் போறீங்களா? தலகணி கொண்டு வரட்டா?"

பிறகு என் இரண்டு கால்களையும் பிடித்து, நெல் மூடையை இழுப்பதுபோல வெளியே இழுத்துப் போட்டாள். அன்று எனக்கு ஒன்று விளங்கியது. கராஜை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தொழிலை விட வேண்டும். தொழிலை விட்டால் நான் வீட்டுக்குள் என்ன செய்வேன் என்பது எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. அந்த விஷயத்தில் அவளுக்குத்தான் கூடுதல் பயம்.

ஆனால் கராஜை மாற்றுவது என் கையில் மட்டும் இருந்த காரியம் அல்ல. நம் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. வீட்டைச் சுற்றிய அந்த வளவும் என் மனைவிக்கு அவளுடைய உம்மா கொடுத்தது. நான் மாப்பிள்ளையாக வந்து ஏறிய வீடு அது. எங்களுக்கு ஒரே மகள். அவள் கலியாணம் முடிக்கும் நாளில் வீடும் வளவும் அவளுக்குப் போகும், மருமகன் வந்து குடியேறுவார், நாங்கள் பின்பக்கத்துச் சின்ன வீட்டுக்கு நகர்வோம். ஆகவே கராஜுக்குள் இருந்த ஒவ்வொரு ஸ்பனரும் என்னுடையது. கராஜ் நின்ற தரையில் ஒரு பிடி மணல்கூட என்னுடையதல்ல. அது வீதியைப் பார்த்த முன்பக்கம் வேறு. கல்முனையில் வீதியைப் பார்த்த நிலத்தைக் கண்டால் யாருக்கும் கடை அறைதான் நினைவுக்கு வரும்.

"சம்பந்தி ஆக்கள் வந்து பாக்கக்குள்ள கராஜ் ஒழுங்கா இரிக்கோணும்" என்றாள் மனைவி. "குப்ப மாதிரிக் கிடந்தா உடைச்சிட்டுக் கட றூம் போடச் சொல்லுவாங்க. பிறகு நான் கதைக்க மாட்டன்."

ஒழுங்கு என்ற சொல்லை என்னிடம் சொல்வது நெருப்புக்கு மண்ணெண்ணெய் காட்டுவதுபோல. உடனே தொடங்கினேன். வேலை மேசையை இடுப்பு உயரத்துக்கு உயர்த்தினேன். அதுவரை முப்பது வருடங்களாக, டிப்போ விட்டு வந்த மாலைகளில், குள்ளமான ஒருவருக்குச் செய்த மேசையில் குனிந்து வேலை செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. புயலில் கூரை போன பிறகு போட்ட புதிய வளை மரத்தில் ஒரு செயின் புளொக் தொங்கவிட்டேன், என்ஜினைத் தூக்குவதற்கு இனி நாலு பேரைக் கெஞ்ச வேண்டியதில்லை. ஸ்பனர்களைச் சுவரில் அளவு வரிசையில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் வடிவத்தையும் பின்னால் கறுப்புப் பெயின்றால் வரைந்தேன். எது இல்லையோ அது உடனே தெரியும். (உங்களில் சிலர் இரவல் கேட்டு வரும்போது என் கண் சுவருக்குப் போவது அதனால்தான்.) மூக்குக் கண்ணாடிக்கும் ஒரு ஆணி அடித்து அதன் வடிவத்தையும் வரைந்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, "வாப்பாக்கும் ஒரு ஆணி அடிச்சி வரைஞ்சி வைங்க, லுஹர் தொழுகைக்கு ஆளக் காணல்ல எண்டாத் தெரியும்" என்றாள்.

இதுவரை எல்லாம் சரி. பிறகுதான் குழியை நினைத்தேன்.

எங்கள் டிப்போவில் குழி இருந்தது. பஸ்ஸைக் குழிக்கு மேல் நிறுத்திவிட்டுப் படி இறங்கிப் போனால், நின்றபடியே அடிப்பக்கம் முழுவதும் வேலை செய்யலாம். படுக்கவும் வேண்டாம், குந்தவும் வேண்டாம். முழங்கால் போனவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கச்சான் காற்று அடிக்கும் காலம் அது. மணல் பொரிந்து கிடந்தது, கிணற்று வாளிக்குக் கயிறு போதாமல் போயிருந்தது. மேசன் பாஸைக் கூப்பிட்டு அளவு கொடுத்தேன். (நம் ஊரில் கைத்தொழில் தெரிந்தவன் எல்லாம் பாஸ்தான், நானும் பாஸ்தான்.) என் நெஞ்சு உயரத்துக்கு ஆழம், காரின் இரண்டு சில்லுக்கு நடுவே அகலம், படிகள், விளக்கு வைக்க ஒரு மாடம், ஸ்பனர் வைக்க ஒரு தட்டு, தேத்தண்ணிக் கோப்பை வைக்க இன்னொரு தட்டு.

மேசன் பாஸ் அளவுகளைக் கேட்டுவிட்டுக் கடல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "பாஸ், மாரி வருமே?"

"சீமெந்து பூசுறதுதானே?"

"பூசலாம்" என்றார் அவர். கட்டச் சொன்னதைக் கட்டுவது அவர் தொழில். கட்டினார்.

சில வாரங்கள் நான் அந்தக் குழிக்குள் ராசா போல இருந்தேன். வீதியால் போகிறவர்கள் என் தொப்பியை மட்டும் பார்த்து ஸலாம் சொன்னார்கள். பிறகு மாரி வந்தது. டிப்போ இருந்தது உள்நாட்டில், அம்பாறைப் பக்கத்து இறுகிய கிரவல் தரையில். என் வளவு இருந்தது கடற்கரை மணலில். மழை மேலே இருந்து வந்தால் கூரை தடுக்கும்; தண்ணீர் கீழே இருந்து வந்தால் எதைப் போட்டுத் தடுப்பது? அடிச் சீமெந்து வெடித்தது. ஒரு காலை நான் போய்ப் பார்த்தபோது தேத்தண்ணித் தட்டு வரை தண்ணீர் நின்றது. இறைத்தேன். மறுநாள் இன்னும் தெளிவான தண்ணீர் வந்து நின்றது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நம்மட கிணத்தவிட இது நல்லா இரிக்கி. படியும் வெச்சிக் கட்டியிருக்கீங்க. தொழுகைக்கு உளு எடுக்கலாம்."

அந்த வாரம்தான் சம்மாந்துறையிலிருந்து செய்தி வந்தது. ஒரு போடியார், நிறைய வயல் உள்ளவர், தன் மகனுக்கு எங்கள் மகளைக் கேட்டு வீடு பார்க்க வருகிறாராம். குழியை அதற்குள் நிரப்ப முடியாது, மழை விடவில்லை. ஆகவே கண்ணில் படாமல் செய்தேன். குறுக்கே பலகைகள் அடுக்கி, அவற்றுக்கு மேல் மணல் பரவி, விளக்குமாற்றால் கோடு கோடாகக் கூட்டிவிட்டேன். மிக அழகாக இருந்தது. தம்பிமாரே, ஒழுங்கு வேறு, ஒளிப்பது வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்பதுதான் ஆபத்து. அவர்கள் வரும் காரை வாசலில் மறித்து நிறுத்துவதாக என் திட்டம்.

அவர்கள் சொன்னதைவிட முந்தி வந்தார்கள். அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து வெளியே வரும் நேரம். தூறிக்கொண்டிருந்தது. நான் உள்ளே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்களைக் கொண்டு வந்தவன் சலீம், ஹயர் கார் ஓடுகிறவன், என்னிடம் எத்தனையோ தரம் வேலைக்கு வந்தவன். முதிய ஆட்கள் நனையக்கூடாதே என்ற மரியாதையில் வாசலில் நிற்காமல் வளவுக்குள் காரைத் திருப்பி, இரண்டு பக்கமும் திறந்த கராஜுக்கூடாக வீட்டுப் படியைப் பார்த்துச் சரிவாக விட்டான். நேராக வந்திருந்தால் சில்லுகள் குழியின் இரண்டு பக்கத்தாலும் போயிருக்கும். சரிவாக வந்ததால் முன் இடப்பக்கச் சில்லு பலகைக்கு மேல் ஏறியது.

சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது கார் மூக்கைச் சரித்துக்கொண்டு நின்றது. முன் இடது சில்லு குழிக்குள் தொங்கியது. காரின் அடி, பாதி முறிந்த ஒரு பலகையில் தங்கியிருந்தது. முன் ஆசனத்தில், சரியாகத் தண்ணீருக்கு மேலே, போடியார். நல்ல பாரமான மனிதர். பின் ஆசனத்தில் அவருடைய மனைவியும் மனைவியின் தங்கையும்.

"பாஸ்" என்றான் சலீம் ஜன்னலால். "குழிக்கு மேல கார் நிக்கோணும் எண்டுதானே தோண்டின? கொண்டந்து விட்டுட்டன்."

பள்ளியிலிருந்து வந்தவர்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். நல்ல மனிதர்கள். நல்ல மனிதர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் எதையாவது தூக்காமல் போக மாட்டார்கள். "புடிங்க, தூக்குங்க!" என்று ஒருவர். "பொம்புளயாள முதல்ல இறக்குங்க!" என்று இன்னொருவர். அவர் கை பின் கதவில்.

டிப்போவில் எனக்கு மேலே ஒரு போர்மன் இருந்தார். எந்த வண்டி எந்த நிலையில் கிடந்தாலும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை ஒருமுறை சுற்றி வருவார். அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார். அவருக்கு நடக்க விருப்பம் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அன்று நான் கைகளைப் பின்னால் கட்டினேன். சுற்றி வர வளவில் இடம் போதவில்லை, பாதிதான் வந்தேன். அந்தப் பாதியில் பின் கதவு எனக்குத் தெரிந்தது.

"கதவ விடுங்க! ஒருத்தரும் பின்னுக்கு இறங்கப்படாது!"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்களை முதலில் இறக்குவது மரியாதை. ஆனால் அந்தப் பலகை மரியாதை பார்க்காது. பின்னால் இருக்கிற பாரம்தான் முன்பக்கத்தைக் கொஞ்சமாவது தாங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் இறங்கினால் முழுப் பாரமும் மூக்குக்குப் போகும், பலகை முறியும், போடியார் தண்ணீருக்குள் போவார். முதலில் முன்பக்கத்தைக் குறைக்க வேண்டும். பின்பக்கம் கடைசி வரை அப்படியே இருக்க வேண்டும்.

இதைப் போடியாரின் மனைவிக்கு, அந்த ராத்தாவுக்கு, எப்படிச் சொல்வது? அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. என் மகளின் மாமியாராக வர இருந்தவர். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். சம்பந்தியிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்ல வேண்டும் என்று நான் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன். அது ஒன்றும் வரவில்லை.

"ராத்தா, அசையாம இரிங்க. உங்கட பாரம் வேணும்."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். ராத்தா என்னைப் பார்த்தார். பிறகு முன்னால் இருந்த கணவரைப் பார்த்தார்.

"அவர் என்ன செய்யிற?"

"அவர் இறங்கோணும்."

"அப்ப அவர்ர பாரம் வேணாம், என்ர பாரம்தான் வேணும்?"

"ஓம், ராத்தா."

"சரி" என்றார். தங்கையின் கையையும் பிடித்துக்கொண்டு ஆசனத்தின் பின்பக்கத்தோடு நன்றாகச் சாய்ந்தார்.

முதலில் சலீம் தன் பக்கத்தால் இறங்கினான். அடுத்து, தன் பக்கத்துக் கதவு குழிக்கு மேல் இருந்ததால், போடியார் சறுக்கி வந்து ஸ்டியரிங்குக்குக் கீழால் வெளியே வர வேண்டும். பாதி வந்தார், மீதி வரவில்லை. ஸ்டியரிங்குக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவே ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. பின் ஆசனத்திலிருந்து குரல் வந்தது: "மூச்ச விட்டுட்டு இழுங்க. பகல் ரெண்டு தரம் சோறு போட்டுத் திண்டிரிக்கார்." மூச்சை விட்டார், வந்தார்.

அடுத்தது காரைத் தூக்கும் ஜக். அதை வைக்க வேண்டிய இடம் குழியின் விளிம்புக்குப் பக்கத்தில், நிலத்தோடு நிலமாக. குந்தாமல் முடியாது. நான் குந்தினால் எழும்ப மாட்டேன், அதுவும் சம்பந்தி முன்னால். முழங்கால் போன ஒருவனுக்கு முன்பக்கத்து நிலம் எதற்கு என்று அவர்கள் கேட்டுவிடுவார்கள். ஒரு கணம் குனிவதுபோல் நின்றேன்.

போடியார் என்னைப் பார்த்தார். என் முழங்காலைப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஈர மணலில் முழங்காலை ஊன்றினார்.

"ட்ரெக்டர் வயலுக்க புதைஞ்சா நான்தான் இறங்கிற. எங்க வைக்கிற எண்டு சொல்லுங்க."

"முதல்ல பலக போட்டு அதுக்கு மேல. மணல்ல நேரா வெச்சா ஜக்தான் கீழ போகும், கார் மேல வராது."

"இது நமக்கும் தெரியும் காக்கா" என்றார் அவர், அண்ணன் முறை வைத்து, ஆனால் கொஞ்சம் ரோசத்தோடு.

ஜக் ஏறியது. சில்லு மேலே வந்தது. கீழே தடித்த இரண்டு பலகைகளைக் கொடுத்தோம். சலீம் ஏறிப் பின்னுக்கு எடுத்தான். கார் நல்ல நிலத்துக்கு வந்தது. எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். போடியார் என் தோளில் தட்டினார், நான் அவர் தோளில் மணலைத் தட்டினேன், பள்ளிக்காரர்கள் யார் எதைச் செய்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று கதைக்கத் தொடங்கினார்கள். நாங்கள் எல்லாரும் வீட்டுப் படி வரை வந்துவிட்டோம்.

"இப்பயாவது இறங்கலாமா?" என்றது காரிலிருந்து ஒரு குரல்.

பிறகு முன் அறையில் ஆண்கள் இருந்தோம். பெண்கள் திரைக்கு உள்ளே. தொதல் இனிப்பும் தேத்தண்ணியும் வந்தன. போடியார் வீட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். பிறகு ஜன்னலால் வெளியே பார்த்தார்.

"காக்கா, கோவிக்கப்படாது. வீதியப் பாத்த நிலம். அந்த இடத்தில ரெண்டு கட றூம் போட்டா மகனுக்கு உதவும். உங்களுக்கும் இப்ப முழங்கால் சரியில்ல போல. ஓய்வா இரிக்கலாமே?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குப் பதில் சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை, நிலம் என்னுடையதல்ல. மனைவிக்குத்தான் சொல்லலாம். ஆனால் பெண்ணைப் பெற்ற தாய் முதல் நாளே மறுத்துப் பேசினால் கலியாணம் என்னவாகும்? திரைக்குப் பின்னால் அவள் பேசாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது. அவள் பேசாமல் நிற்பது அபூர்வம்.

பேசியது ராத்தாதான்.

"கராஜ உடைக்கப்படாது."

போடியார் திரையைப் பார்த்தார்.

"என்ர தலப்பிள்ள நாளைக்கு இந்த வளவுக்க குடியிருக்கப் போறான். அவன் பத்துப் பேர் கத்தக்குள்ள என்ன செய்வான்? அவங்களோட சேந்து கத்துவான். இங்க ஒரு மனிசன் பேசாம நிண்டு பாத்துட்டு, என்ன அசையாத எண்டு சொன்னார். நீங்க இம்பிட்டு வருசத்தில ஒரு நாளும் எனக்கு அப்பிடிச் சொல்லல்ல, சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டன். இவர் சொன்னதக் கேட்டன், நீங்க தண்ணிக்க உழாம இரிக்கீங்க. கராஜ் அங்கயே இரிக்கட்டும். குழிதான் வேணாம்."

"குழிய நான் அப்பவே வேணாம் எண்டன்" என்றாள் என் மனைவி உடனே. அவள் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அது அதைத் திருத்தும் நேரமல்ல.

போடியார் சிரித்துவிட்டார். "பொம்புளயாள் முடிவெடுத்தா நமக்கென்ன கத, காக்கா. மண் வேணுமெண்டா சொல்லுங்க. நம்மட பக்கத்துக் கிரவல் ட்ரெய்லர்ல அனுப்புறன்."

கிரவல் வந்தது. குழி நிரம்பியது. நான் கீழே போக முடியாவிட்டால் கார் மேலே வரட்டும் என்று, மேசன் பாஸ் இரண்டு சரிவு மேடைகளைக் கட்டினார். நடுவே இடைவெளி. கார் ஏறி நின்றால் நான், கால்களைக் கட்டையாக வெட்டிய ஒரு கதிரையில் நேராக உட்கார்ந்துகொண்டு அடிப்பக்கத்தில் வேலை செய்யலாம். நுனியில் சில்லு தடுக்கும் கட்டைகள். எத்தனை மாரி வந்தாலும் அதற்குள் தண்ணீர் வர இடமில்லை. இந்த மேடை உங்களில் யாருக்கும் இப்போது தேவையில்லை என்று எனக்குத் தெரியும். அளவு மட்டும் வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் நன்றாக இருக்கும்போதே கட்டினால் மேசனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மேற்பார்வை செய்யலாம்.

கலியாணம் முடிந்து சில நாட்களில் மேடையில் முதல் கார் ஏற்றினோம். சலீமின் கார்தான். மகளைப் பார்க்க வந்திருந்த ராத்தா வாசலில் இறங்காமல் பின் ஆசனத்திலேயே இருந்தார்.

"ஏத்துங்க" என்றார். "நான் பின்னுக்கு இரிக்கன். பாரம் வேணும்தானே?"

"இல்ல ராத்தா, இறங்குங்க. மேடைக்கு ஏறக்குள்ள காருக்குள்ள டிரைவரத் தவிர ஆள் இரிக்கப்படாது."

"அண்டைக்கு இறங்காத எண்டீங்க. இண்டைக்கு இறங்கு எண்டுறீங்க. ஒரே கார், ஒரே ஆள். உங்கட வேலைக்கு ஒரு சட்டம் இல்லியா?"

வளவில் நின்ற எல்லாரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள், என் மனைவி மற்றவர்களைவிடச் சந்தோசமாக. "ஒரே ஒரு சட்டம் இரிக்கி ராத்தா" என்று சொல்லிவிட்டு, நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒருமுறை சுற்றி வந்தேன். இந்த முறை சுற்ற இடம் போதுமாக இருந்தது. பிறகு பின் கதவைத் திறந்து பிடித்தேன்.

ராத்தா இறங்கினார். சலீமுக்குக் கை காட்டினேன்.